அம்மா சொன்னதைத்தான் சொன்னேன்

மொன்ட்ரியால்-நோர்,
8.10.74, செவ்வாய் இரவு.

அன்புள்ள வசு அக்காவுக்கு உன் தங்கை ரேணு எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் ரெமி அத்தானும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? வாந்தி நின்றதா? கால் வீங்குகிறதா? கேட்கும்படி யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. குளியலறையில், தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் தலையணையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதானே. இப்போதுதான் அப்பா இருமினார். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன். மறுபடி சத்தமில்லை, அதனால் மறுபடி போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முழங்கால் மேல் வைத்து எழுதுவதால்தான். இதற்குப் பதில் எழுதினால் வீட்டு முகவரிக்கு எழுதாதே. என் வகுப்பு லிஸ் வீட்டு முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அப்பா நம் அறைக்கு இளம்பச்சையில் வர்ணம் அடிக்கிறார். உனக்குப் பிடித்த நிறமாம். ஆபீசிலிருந்து வந்ததும் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுகிறார். வர்ண வாடை தாங்காமல் நான் ஹாலில் படுக்கிறேன். ஜனவரியில் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று உன் பழைய கல்லூரிக்குப் போய் விசாரித்துவிட்டும் வந்தார். சேர்த்துக்கொள்வார்களாம். வர்ணம் அடிக்கும்போது வாய்க்குள் பாடுகிறார். போன வருடம் நீ போன பிறகு அவர் பாடி நான் கேட்டதே இல்லை. இப்போது அவர் பாட ஆரம்பித்தால் நான் எழுந்து ஹாலுக்குப் போய்விடுகிறேன்.

அக்கா, சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ பிரசவத்துக்கு வருகிறாய் என்று அப்பா நினைக்கவில்லை. அத்தானை விட்டுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்குத் திரும்புகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்குக் குழந்தை பிறக்கப் போவதே அவருக்குத் தெரியாது. நவம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை டோர்வல் விமான நிலையத்தில் நீ ஏழு மாத வயிற்றோடு இறங்கி வரும்போதுதான் அவர் தெரிந்துகொள்ளப் போகிறார். இதற்கெல்லாம் நான்தான் காரணம்.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் ஆகஸ்டிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது.

நீ இருக்கும் தீவுக்கு, ஃபோர்-தெ-ஃபிரான்சுக்கு வர வேண்டும் என்று அம்மா அழுது அழுது கேட்டதால்தான் அப்பா சம்மதித்தார். அந்த மாதத்தில் டிக்கெட்டும் ஹோட்டலும் பாதி விலை. டிக்கெட் விற்ற பெண்மணியே, "இந்த மாசத்திலா போகிறீர்கள்? எல்லோரும் ஜனவரியில் அல்லவா போவார்கள்?" என்று இரண்டு முறை கேட்டாள். நம் ஆட்களிடம் உல்லாசப் பயணம் போகிறோம் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். சண்முகவேல் டாக்டர் மாமா, "ஏன்யா பாலகிருஷ்ணன், இங்க அடிக்கிற வெயில் பத்தலையா? ஆடி மாசத்துல காசு குடுத்து வேக்காட்டைத் தேடிப் போறீரே" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அம்மாவுக்குப் பயம் வேறு. நல்ல காரியம் எதையும் ஆடியில் பேசக்கூடாது, பேசினால் நிலைக்காது என்றாள். ஆவணியில் போகலாம் என்று கெஞ்சினாள். ஆவணியில் வடக்கே அணைக்கட்டு வேலைக்குப் போக வேண்டும், இப்போது விட்டால் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்த ஹோட்டலை நீ வெளியிலிருந்துதான் பார்த்திருப்பாய். உள்ளே நாங்கள் மூன்று பேரும், ஒரு வயதான பெல்ஜியக்காரரும்தான் இருந்தோம். நீச்சல் குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டுச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள், எங்களுக்காக ஒரு மேசையை மட்டும் இறக்கினார்கள். காலையில் காபி கொண்டு வந்தவரே பிறகு தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா அறையிலேயே சின்ன மின் அடுப்பில் சோறு வைத்தாள். உடனே மாடி முழுக்க விளக்கு அணைந்து, ஹோட்டல்காரம்மா மெழுகுவர்த்தியோடு ஏறி வந்தாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், "சமையலறை காலியாகத்தான் கிடக்கிறது, அங்கே வந்து சமைத்துக்கொள்ளச் சொல், நானும் ருசி பார்க்கிறேன்" என்றாள். அம்மாவின் புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

வெயிலைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. திருச்சி வெயில் காய்ந்த வெயில், இது நனைந்த வெயில் என்று அப்பா சொன்னார். மத்தியானம் கடையெல்லாம் சாத்திவிடுவார்கள். தெருவில் நாய்கூட நடக்காது. கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். திடீரென்று மழை கொட்டும், நின்றதும் தரையிலிருந்து ஆவி வரும். ஒரு வேலையும் செய்யாமலே களைப்பாக இருக்கும். அந்தக் களைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. இங்கே குளிர் வந்துவிட்டது, மரங்கள் சிவந்துவிட்டன, எனக்கு மட்டும் அந்த ஊர் மத்தியானம் முடியவே இல்லை போல இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று. ஹோட்டல்காரம்மா எங்களுக்குக் கடல் பக்கத்து அறையைத் தருவதாகச் சொன்னாள், அதே வாடகைக்கு. அப்பா தெருப் பக்கத்து அறைதான் வேண்டும் என்றார். காற்றே வராத அறை. மத்தியானம் நீ வேலை பார்க்கும் மருந்துக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும் தெரு அது. தினமும் அந்த நேரத்துக்கு அப்பா ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீ திரும்பிவிட்டால் சட்டென்று நகர்ந்துகொள்வார். "குடை வச்சிக்கிட்டுப் போனா என்ன?" என்று ஒரு நாள் தனக்குள் சொல்லிக்கொண்டார். என் வீட்டு வாசற்படி ஏறி வந்தால்தான் அவளோடு பேசுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதனால் கீழே இறங்கவில்லை.

தூக்கம் வருகிறது. நாளை எழுதுகிறேன்.


10.10.74, வியாழன் இரவு.

நேற்று எழுத முடியவில்லை. அம்மா வெகுநேரம் ஹாலில் என் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

காய்கறி வாங்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் உன் வீட்டுக்கு வந்தோமே, அன்று அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் விரலை மடக்கி எண்ணினாள். திரும்பும் வழியில் சந்தையில் பெண்கள் தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட துணியைப் பார்த்து, "ஐயே, நம்ம ஆம்பளைங்க கைலிய இவங்க தலையில கட்டிக்கிறாங்களேடி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு என்னிடம், "அப்பாகிட்ட மூச்சு விடாதே. ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் நானே பக்குவமா சொல்றேன்" என்றாள்.

ஆவணியில் அப்பா வடக்கே போய்விட்டார். திரும்பி வந்தபோது அவ்வளவு சந்தோஷமாக வந்தார், அம்மாவால் சொல்ல முடியவில்லை. பிறகு புரட்டாசி ஆயிற்று. புரட்டாசியும் சரியில்லையாம்.

இனி உன் மாமியார் எங்களைப் பார்க்க ஹோட்டலுக்கு வந்த நாள். அப்பா காலையிலிருந்தே சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேக்காட்டில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் போய்விட்டதால் விசிறி சுற்றவில்லை. மதாம் ஹொர்தென்ஸ் வெள்ளை உடையில், தலையில் அந்தக் கட்டத் துணியோடு வந்து, எங்கள் மூவருக்கும் கை கொடுத்தார். என் கன்னத்தைத் தொட்டு, "இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாயே, சரியாகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நான்.

எனக்குப் பிரெஞ்சு வந்ததும் அந்தக் கான்வென்ட்டால்தான். மொன்ட்ரியாலில் வந்து இறங்கிய வாரமே, கன்னியாஸ்திரீகள் நடத்தும் கான்வென்ட் பக்கத்திலேயே இருக்கிறது, திருச்சியில் போல நல்ல இங்கிலீஷ் வரும், ஒழுக்கமும் வரும் என்று அப்பா நம் இருவரையும் சேர்த்துவிட்டு வந்தாரே. முதல் நாள் சாயங்காலம் நீ வந்து, "அப்பா, அங்க ஒருத்தருக்கும் இங்கிலீஷே தெரியலை" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். "அன்னிக்கு அங்க சேர்க்காம இருந்திருந்தா வசுவுக்கு இந்தப் பாஷையும் வந்திருக்காது, அந்தப் பையனும் வந்திருக்க மாட்டான்" என்று போன வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா முன்னால் சாய்ந்து, சத்தமாகச் சொன்னால் தமிழே புரிந்துவிடும் என்பது போல மதாமைப் பார்த்துப் பேசினார். "ரேணு, சொல்லு. எங்க பொண்ணைத் திரும்ப ஏத்துக்க நாங்க தயாரா இருக்கோம். ஆனா அவ தனியா வரணும். இந்தக் கல்யாணத்தை அத்தோட விட்டுட்டு வரணும். அவங்க பையனுக்கும் அவளுக்கும் இனிமே ஒண்ணும் கிடையாது. இது முடியாதுன்னா எங்களுக்கு இப்படி ஒரு பொண்ணே இல்லைன்னு சொல்லு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்ட ஆரம்பித்தது. தகரக் கூரை. அந்தச் சத்தத்தில் அம்மா என் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. அதுவும் என்னிடம் சொன்னது இல்லை, யாரிடமும் சொன்னது இல்லை. "தலைப்பிரசவம் அம்மா வீட்லதானே பாக்கணும். ஏழாம் மாசம் என்கிட்ட அனுப்பிட்டா நான் பாத்துக்க மாட்டேனா."

இரண்டு பேர் பேச்சும் என் காதில் ஒன்றாக விழுந்தது. மதாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் என்னை ஒல்லி என்று சொன்னவர். அவரிடம் அப்பாவின் பேச்சை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இல்லை, வாய் வரவில்லை. அம்மாவின் பேச்சு சுலபமாக வந்தது. முதல் குழந்தை தாய் வீட்டில் பிறப்பது எங்கள் வழக்கம், ஏழாம் மாதம் அக்காவை எங்களிடம் அனுப்புங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

மதாம் எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "மெர்சி, மிஸ்யூ" என்று திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். தன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மருமகளை விட்டுக்கொடுக்கிறார் என்று அப்பா நினைத்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. அறைக்கு வந்ததும், "என்ன ஒரு மனுஷி! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை பாரு. நம்மளா இருந்தா இப்படி விட்டுக் குடுப்போமா?" என்றார். இன்றுவரை அவரைப் பற்றி உயர்வாகத்தான் பேசுகிறார். போன மாதம் உங்களுக்கு வந்த மேப்பிள் சர்க்கரைப் பெட்டி அப்பா அந்த மரியாதையில் அனுப்பியதுதான்.

அப்பா மனம் மாறிவிட்டார் என்று மதாம் வந்து சொன்னபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவிட்டேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை அக்கா.

அம்மாவுக்கும் இது தெரியாது. அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது என்றே அவளுக்குத் தெரியாது. நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வயிற்றில் பிள்ளையோடு வரப்போகிறாய் என்று நினைத்து அவள் தனியாக வெந்துகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதாம் தொலைபேசியில் பேசினாரே, அப்போது அப்பா என் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதாம் விமானம் வரும் நாளைச் சொன்னார். கிறிஸ்துமசுக்கு அத்தான் வருவார், குழந்தை பிறக்கும்போது கூட இருப்பார் என்றார். குழந்தையை முதல் முறை குளிப்பாட்டும்போது அம்மா என்ன இலை போடுவாள் என்று கேட்டார். நான் ஆமாம் ஆமாம் என்று, "வி மதாம், வி மதாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அப்பா.

"ரெண்டாம் தேதி சனிக்கிழமை வராளாம்."

"இவ்வளவு நேரம் பேசினாங்களே, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா."

இன்று சாயங்காலம் நான் அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ரேணு, அந்தம்மா அன்னிக்கு எதுக்கு அப்படி அழுதாங்க?" என்று கேட்டார். "மருமகளை அனுப்பச் சொன்னா யாராவது கையைப் பிடிச்சிக்கிட்டு நன்றி சொல்வாங்களா?" என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நான் சொன்னதைத்தானே சொன்னே?"

"ஆமாம்ப்பா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகு பாடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போனபோது, இவளையாவது திருச்சியில் அத்தை வீட்டில் கொண்டு விட்டுவிட வேண்டும் என்றார் அல்லவா. அதுகூடப் பெரிதில்லை. டோர்வலில் அத்தனை பேர் நடுவில் அவர் உன்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்துவிட்டால், நீ பெட்டியோடு நிற்பாயே. தினமும் அது ஒன்றுதான் கண்ணில் வருகிறது. பள்ளியில் பலகையைப் பார்த்தாலும் அதுதான்.


14.10.74, திங்கள் இரவு.

இதைத் தபாலில் போடாமல் மூன்று நாள் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நல்லவேளை. இப்போது எழுத இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமை அம்மாவும் நானும் துணி துவைக்கக் கீழே போனோம். யந்திரம் சுற்றும் சத்தத்தில் மேலே யாருக்கும் கேட்காது என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா கையில் பாதி மடித்த போர்வையோடு அப்படியே நின்றாள்.

"நான் முணுமுணுத்தது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"அதையா அந்தம்மாகிட்ட சொன்னே? அப்பா சொன்னதைச் சொல்லலையா?"

"நீ சொன்னதை மட்டும்தான் சொன்னேன்."

அம்மா போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சுடி. நான் சொன்னதை ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட எடுத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எப்படிச் சொன்னாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

நல்ல நாள் பார்க்கவில்லை. நேற்று அப்பா சாப்பிட்டு முடித்ததும், தட்டை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். "என்னங்க, வசு ஆறு மாசம். பிரசவத்துக்குத்தான் வரா. எல்லாத்தையும் விட்டுட்டு வரலை. அன்னிக்கு ரேணு நான் சொன்னதைத்தான் சொன்னா. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொன்னது அது."

அப்பா கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். சோற்றுக் கை காய்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா அதுக்குத்தான் அழுதாங்களா?"

"ஆமாம்ப்பா."

"நானும் அவங்க கையைப் பிடிச்சிக்கிட்டு, ரொம்ப நன்றின்னு சொன்னேனே" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, கோட்டு கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். ஆற்றங்கரைப் பக்கம் நடந்திருக்க வேண்டும், செருப்பெல்லாம் ஈர இலை ஒட்டியிருந்தது.

அதன் பிறகு யாரோடும் பேச்சில்லை. இன்று விடுமுறை. காலையிலிருந்து ஹாலில் உட்கார்ந்து ஒரே பத்திரிகையை வைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போகவே பயந்து மூன்று முறை கீழே மூலைக் கடைக்கு, அந்தத் தெபானருக்குப் போனேன், பால் வாங்க, ரொட்டி வாங்க, பிறகு ஒன்றும் வாங்காமல்.

சாயங்காலம் சமையலறையில் அம்மாவும் நானும் நீ வரும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மெதுவாகத்தான் பேசினோம். அம்மா தனியாகப் பஸ் ஏறியதே இல்லை, ஆனாலும் அப்பா வராவிட்டால் நாம் இருவரும் போகலாம், மெட்ரோவில் போய் அப்புறம் பஸ் மாறலாம், நீ வழி சொல்லு என்றாள். அந்த ஊரிலிருந்து மெல்லிய உடையோடு வருவாளே, குளிர் தாங்க மாட்டாளே என்றாள். நான் உன் பழைய நீலக் கோட்டு அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் போகலாம் என்றேன்.

அப்போது ஹாலிலிருந்து அப்பா குரல் வந்தது. பத்திரிகையை இறக்கவில்லை.

"அது பொத்தான் போட வராது. என்னோடதை எடுத்துட்டுப் போங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க வரலையா?" என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அம்மா தலையை ஆட்டினாள், கேட்காதே என்று.

அக்கா, அவர் வருவாரா, வரமாட்டாரா என்று எனக்குத் தெரியாது. அத்தான் கிறிஸ்துமசுக்கு வந்தால் கதவைத் திறப்பாரா என்பதும் தெரியாது. கோட்டைத் தருகிறேன் என்றார், அவ்வளவுதான் தெரியும். இதையெல்லாம் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். மதாம் எங்களைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று அவமானமாகவும் இருக்கும். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. அந்தச் சின்னப் பெண் தன் அம்மா சொன்னதைச் சொன்னாள் என்று சொல். அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் டிக்கெட்டை மாற்றாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். டோர்வலில் மூன்று பேரைத் தேடி இரண்டு பேர்தான் நின்றாலும் திரும்பிவிடாதே. வீட்டு வாசற்படி ஏறி வா. ஏறி வந்தால் பேசுவேன் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். என்ன பேசுவார் என்று தெரியாது. நல்லதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீயே கேட்டுக்கொள், நீயே பதில் சொல். நம் நான்கு பேருக்கும் தமிழ் தெரியும். நான் உன் பக்கத்தில் நிற்பேன், நடுவில் நிற்க என்னால் இனி முடியாது. ரொம்பக் களைத்துவிட்டேன் அக்கா.

உனக்கும் உள்ளே இருக்கும் சின்ன ஆளுக்கும் வழியில் ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்று தினமும் சாமியைக் கேட்கிறேன். விமானப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. அப்பா கோட்டு உனக்குத் தரை வரை இருக்கும், பார்த்து நட.

வா அக்கா.

உன்,
ரேணு.